"எலிமெண்டரி எத்தனை?" என்று கேட்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வீடு தேடிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு வீட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். நாலு பெட்ரூம், கிழக்குப் பார்த்த வாசல், ஆபீசுக்குப் பதினைந்து நிமிடம். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "எலிமெண்டரி 5தான் சார், விட்டுடுங்க." அதாவது, அந்த வீட்டுக்குரிய தொடக்கப் பள்ளிக்கு மதிப்பீட்டுத் தளத்தில் பத்துக்கு ஐந்து. அவரும் விட்டுவிட்டார். அந்த ஐந்தில்தான் என் மகள் மூன்றாவது வருடமாகப் படிக்கிறாள்.

நான் ஏதோ கொள்கைக்காக இங்கே வந்தவள் இல்லை. ஒன்பதும் பத்தும் வாங்கிய பள்ளிகளின் ஸோன்களில், அதாவது அந்தப் பள்ளிகளில் இடம் கிடைக்கும் பகுதிகளில், நான்கு வீடுகளுக்கு ஆஃபர் போட்டு, நான்கும் கைநழுவியபிறகு வேறு வழியில்லாமல் வந்தோம். முதல் வருடம் யாராவது பள்ளிப் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் பொறுமையாகப் பார்த்தேன். 3 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஒவ்வொரு வருடமும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு வைக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். 2015இல் சட்டத்தின் பெயர் மாறியும் இந்த விதி மாறவில்லை. அப்படியென்றால் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் கடைசி மூன்று வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான் அந்த எண்ணில் இருக்கிறார்கள். கிண்டர்கார்டனில் உங்கள் குழந்தைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தரப்போகும் டீச்சர் அதில் வருவதே இல்லை. தேர்வு எழுதுவது ஒரு வகுப்பில் 40 பேர் என்றால், ஒரு பிள்ளைக்கு இரண்டரை சதவீதம். அன்றைக்கு இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து சதவீதம் போயிற்று.

தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அந்த எண்ணின் பெரும்பகுதி. போன வருடம் செவ்வாய்க்கிழமைகளில் மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பு உதவிக்குப் போனேன். ஹோண்டுராஸிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு பையன். செப்டம்பரில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பான். மார்ச்சில் ஒரு தவளைக் கதையைக் கடைசிப் பக்கம் வரைக்கும் தானே படித்தான். நடுவில் 'வெஜிடபிள்' என்று நான் சொன்ன விதத்தையும் திருத்தினான் (அவன் சொன்னதுதான் சரி). வசந்தகாலத் தேர்வில் அவன் தேறவில்லை. அவனுடைய டீச்சரின் ஒரு வருட உழைப்பு எண்ணில் ஒரு கழித்தலாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஒன்பது வாங்கும் பள்ளியிலோ பாதிப் பிள்ளைகள் மாலையில் கணக்கு வகுப்புக்கும் வாசிப்பு வகுப்புக்கும் போகிறார்கள். கொண்டுபோய் விடுவது நாம்தானே? அந்த ஒன்பதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, நம் கிரெடிட் கார்டின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இது புதுக் கதையும் இல்லை. 1966இலேயே சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் குழு நாடு முழுக்கப் பள்ளிகளை அலசிவிட்டு, மதிப்பெண் வித்தியாசத்தைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று எழுதியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் ரியர்டன் நாட்டின் கிட்டத்தட்ட எல்லாப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் தேர்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சராசரி மதிப்பெண் வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. வருடா வருடம் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதோ அப்படிப் போகவில்லை. நாம் மூக்கைச் சுளிக்கும் சிகாகோ பொதுப் பள்ளிகளில், மூன்றாம் வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்தே வருடத்தில், ஆறு வருட முன்னேற்றம் கண்டிருந்தார்கள். இப்போது சில மதிப்பீடுகளில் இந்த முன்னேற்றத்தையும் சேர்க்கிறார்கள். நம் குழுவில் அதை யாரும் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆனால் எனக்கு நிஜமான வருத்தம் வேறு இடத்தில். பள்ளி அறிக்கையில் இனவாரி எண்ணிக்கையை நாம் படிக்கிற விதம். "ஏசியன் 60%ப்பா, பயப்படாம வாங்கு" என்கிறோம். சராசரிக்குப் பின்னால் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மறைந்துபோகக் கூடாது, அவர்களைக் கைவிட்ட பள்ளி பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் அந்த அட்டவணையைக் கேட்டது. நாம் அதையே வைத்து அந்தப் பிள்ளைகள் இல்லாத இடம் எது என்று தேடுகிறோம். ஊரில் எந்தத் தெருவில் வீடு பார்க்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான் இது. கசப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது.

அட்டவணையைப் படிப்பதிலும் தப்பு செய்கிறோம். இலவச மதிய உணவு, வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு என்பது பழைய கணக்கு. ஆனால் உணவு உதவி போன்ற திட்டங்களின் வழியாகவே தகுதி பெற்ற பிள்ளைகள் கால்வாசி இருந்தால், 2023 முதல் அந்தப் பள்ளி விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் போடலாம். அங்கே இலவச உணவு பெறுவோர் என்ற கட்டத்தில் 100 சதவீதம் என்று இருந்தாலும் எல்லோரும் ஏழைகள் என்று அர்த்தமில்லை.

ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் என்ற கட்டம் இன்னும் வேடிக்கை. ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டால் பிள்ளையை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெளியே போனவர்களின் மதிப்பெண்ணையும் நான்கு வருடம் வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், சேர்க்காத இடத்தில் அந்தக் கட்டத்தின் மதிப்பெண் ஏறவே ஏறாது. டிஸ்சார்ஜ் ஆனவர்களை விட்டுவிட்டு வார்டில் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணி, இந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே குணமாகவில்லை என்பதுபோல.

இந்தக் கட்டத்துக்குப் பயந்துதான், பள்ளியில் சேர்க்கும்போது 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் 'இங்கிலீஷ்' என்று எழுதச் சொல்லி ஒருவருக்கொருவர் யோசனை சொல்கிறோம். நானும் எழுதினேன். பக்கத்தில் நின்ற என் மாமியார், "ஏம்மா, நான் பேசறது கணக்கில்லையா?" என்று கேட்டார். தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். உதவி தேவைப்பட்டால் கிடைக்கும். வேண்டாமென்றால் மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

எண்ணைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மோசமாகச் சொல்லித்தரும் பள்ளிகளும் இருக்கத்தான் செய்கின்றன. பள்ளிக்கு நேரில் போய், போன வருடம் எத்தனை டீச்சர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள். பின்தங்கிய பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை நாள், யார் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் இரண்டாவது கேள்விக்கு முதல்வர் அரைமணி நேரம் பதில் சொன்னார். முதல் கேள்விக்குக் கொஞ்சம் நெளிந்தார். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் அல்லவா?

அந்தக் கிழக்குப் பார்த்த வீடு இன்னும் விற்கவில்லை. சனிக்கிழமை மறுபடி ஓபன் ஹவுஸ் வைக்கிறார்கள். அதைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல் திங்கட்கிழமை காலை 7.40க்குப் பள்ளி வாசலுக்கும் வாருங்கள். கார் வரிசையில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள், அது நகராது. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே வரலாம்.

அன்புடன்,
மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா