பிள்ளை பிறந்த பிறகான இரண்டு மணி நேரம்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். ராத்திரி பதினொன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அடுத்த கட்டிலில் இன்னொரு பெண்ணுக்கு வலி முற்றிவிட்டதால் நர்சம்மா அங்கே போய்விட்டார். அந்த ராத்திரி டியூட்டியில் அவர் ஒருவர்தான்.

அரைமணி நேரம் இருக்கும். போர்வையைச் சரிசெய்யப் போன அம்மாவின் கை நனைந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், தங்கைக்குக் கீழே விரித்திருந்த துணி முழுக்க ரத்தம். "குளிருதும்மா" என்று மட்டும் சொன்னாள். ஓடிவந்த நர்சம்மா அவளது அடிவயிற்றை அழுத்திப் பிடித்தார், ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். 108 வந்து தூக்கும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஜி.எச்.சில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் தங்கை கண் திறந்து பேசினாள்.

அந்த நர்சம்மாவை நாங்கள் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். இரண்டு கட்டிலுக்கு நடுவே அவரைத் தனியாக நிறுத்திய ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டுப் பிரசவம் என்பதே தமிழ்நாட்டில் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். இதற்குப் பின்னால் கிராம சுகாதார செவிலியர்களின் நடையும் உழைப்பும் இருக்கிறது. அப்படியும் 2018–20 கணக்கில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். நாட்டின் சராசரியான 97-ஐவிடக் குறைவுதான், சரி. ஆனால் அந்த 54 பேரும் ஒவ்வொரு வீட்டுப் பெண்கள்.

உலகெங்கும் பிரசவ மரணத்துக்கு முதல் காரணம் உதிரப்போக்கு. எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதில்தான் கோளாறே. துணி உறிஞ்சிவிடும், இருட்டில் தெரியாது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்கு அடியில் விரித்தார்கள். ரத்தம் அதன் பையில் சேரும். கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பையைப் பிசைந்துவிடுவது, அதைச் சுருங்க வைக்கும் மருந்து, ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன் எல்லாம் ஒன்றுவிடாமல் உடனே. கடும் உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு விரிப்புதான். அதைப் பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொடுங்கள்.

அடுத்தது ஆள். மூன்று நர்ஸ், ஷிப்டுக்கு ஒருவர் என்ற கணக்கு, இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வலி வந்தால் உடைந்துபோகிறது. பிரசவம் அதிகமுள்ள நிலையங்களிலாவது ராத்திரிக்கு இரண்டாவது நர்ஸ் வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் தாயின் பக்கத்தை விட்டு நகராத ஒருவர்.

கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. கரண்ட் போனால் அந்த ஃபிரிட்ஜ் என்ன ஆகிறது என்று தயவுசெய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசே 2016-ல் வழிகாட்டியது. பல இடங்களில் இன்னும் "வெளியே போம்மா" என்றுதான் சொல்கிறார்கள். அன்றைக்கு அம்மாவையும் அப்படி அனுப்பியிருந்தால் அந்தத் துணியை யார் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

தங்கைக்கு இப்போது ஆறாம் மாதம். அதே சுகாதார நிலையத்தில்தான் பதிந்திருக்கிறாள். தை மாதம் பிரசவம். அதற்குள் அங்கே ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் வந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஓர் அக்கா