தாட்சர் ஆயரின் மர ஆலயங்களைப் பராமரிக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

நியூசிலாந்தில் ஃபிரடெரிக் தாட்சர் கட்டிய மர ஆலயங்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. பழுதுபார்ப்பைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: வெளியே தெரியும் மரச்சட்டங்களைப் பலகை அடித்து மூடாதீர்கள், இடுக்குகளில் சிலிக்கானைத் திணிக்காதீர்கள்.

1814-இல் ஹேஸ்டிங்ஸில் பிறந்த தாட்சர் முதலில் கட்டடக் கலைஞர்தான். 1843-இல் நியூ பிளிமத்துக்குக் குடியேறினார். 1848-இல் டீக்கன் (குருவுக்கு முந்தைய திருப்பணி நிலை), 1853-இல் குரு. வெலிங்டன் தோர்ண்டனில் 1861 முதல் ஆயராக, அதாவது சபைக் குருவாகப் பணியாற்றினார். உடல்நலம் குன்றியதால் 1864-இல் விலகினார். அவர் வரைந்த புனித பவுல் ஆலயம் 1866 ஜூன் 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1848, 1855 நிலநடுக்கங்களைக் கண்ட ஊர் அது. அசைந்து கொடுக்கும் மரத்தின் அருமை அங்கே எல்லாருக்கும் புரிந்திருந்தது.

நியூசிலாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் செல்வினுக்காக அவர் வரைந்தவற்றில், ஆக்லாந்துப் பகுதியிலுள்ள ஹோவிக்கின் சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தைக் கவனியுங்கள். 1847-இல் அதன் பாகங்களைப் புனித யோவான் கல்லூரியிலேயே அறுத்து இணைத்து, பிறகு ஹோவிக்கில் நிறுத்தினார்கள். அங்கே தாங்கும் சட்டம் வெளியே, பலகை உள்ளே. கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைத் தெருவில் நின்றே படிக்கலாம். இதை வெறும் அலங்காரம் என்று நினைப்பது பெரும் தவறு.

இந்த முறையின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. குறுக்குச்சட்டத்தின் மேல்முகத்தில் மழைநீர் தங்கும். சாய்வுச்சட்டம் வழியே வழிந்து, கீழ்ச்சட்டத்தின் கழுந்துத் துளைக்குள் (இன்னொரு சட்டத்தின் முனை செருகும் துளை) இறங்கும். மேல்முகத்தை வெளிப்புறமாகச் சரித்து இழைத்திருந்தால் நீர் ஓடிவிடும். சரிவு தேய்ந்திருந்தால் முதலில் அதைச் சீர்செய்யுங்கள். சிலிக்கான் பூசினால் சில ஆண்டுகளில் அது ஓர் ஓரமாகப் பிரியும். பிரிந்த வழியே நீர் நுழையும், வெளியேற வழியிருக்காது. மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே மரம் பஞ்சாகும்.

ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் கீழ்ச்சட்டம் முழுவதையும் மெல்லிய திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்த இடத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மண்ணும் பூச்செடிப் பாத்தியும் கீழ்ச்சட்டத்துக்கு 150 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். தரைக்கடியிலுள்ள காற்றோட்டத் துளைகள் அடைபடக் கூடாது. 1.5 முதல் 2 மில்லிமீட்டர் துளைகளும் புதிய மாவுத்தூளும் கண்டால் மரம் துளைக்கும் வண்டு உயிரோடிருக்கிறது. அது பெரும்பாலும் வெள்ளைக்கட்டையைத்தான் (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) தின்னும். அழுகிய முனையை மட்டும் வெட்டி, அதே இன மரத்தின் வைரக்கட்டையை (உட்புற வன்பகுதி) சாய்வு இணைப்பாக, அதாவது இரு முனைகளையும் சரிவாக வெட்டிப் பொருத்திச் சேருங்கள். முழுச் சட்டத்தையும் கழற்றினால் ஆப்புகளும் ஆதி உளித்தடங்களும் போய்விடும்.

ஆலய வாசலில் உள்ள தகவல் பலகையையும் அதே வேலையோடு புதுப்பியுங்கள். கட்டடக் கலைஞர் தாட்சரையும் ஆயர் தாட்சரையும் ஒரே பத்தியில், ஆண்டுகளோடு எழுதுங்கள். 1868-இல் அவர் செல்வினோடு இங்கிலாந்து திரும்பியதும், 1890-இல் மறைந்ததும் அதில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
பழைய மரக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் குழு