கண்மாய்க் கரையில் நடக்க வருபவருக்கு மாதமும் பஸ்ஸும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்கள், அலையாத்திக் காடுகள் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. மலையும் அருவியும் இல்லாத ஊரில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில். ஆனால் எல்லா இடத்துக்கும் கார் வழி மட்டுமே கொடுத்திருந்தீர்கள். எந்த மாதம் போவது, பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது, திரும்புவது எப்படி என்ற மூன்றும் இல்லை. இவை தெரியாமல் மே மாதம் சித்திரங்குடிக்குக் கிளம்பும் குடும்பம், வெடித்துக் கிடக்கும் களிமண்ணையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்துவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்காக நிற்க வேண்டியதுதான்.

முதலில் மாதம். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் ஆகிய பறவைகள் சரணாலயங்கள் எல்லாமே பாசனக் கண்மாய்கள்தான். இவற்றில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இருப்பதால் பறவை வந்துவிடாது. தண்ணீர் வந்தால்தான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை சரியாகப் பெய்து கண்மாய் பெருகினால், நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்று மரம் கொள்ளாமல் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் ஜனவரியில் போனாலும் வெறுங்கண்மாய்தான். ஆகவே கிளம்பும் முன் அந்தத் தடத்தில் ஓடும் பஸ் கண்டக்டரிடம் "கண்மாயில தண்ணி கெடக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். தினமும் அதைத் தாண்டிப் போகிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்து, எந்தப் பக்கம் நின்று பார்ப்பது. நம் மாவட்டத்து நிலம் கடலை நோக்கிக் கிழக்கும் தெற்குமாகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலும் தெற்கிலும் வளைந்து கிடக்கும். தண்ணீர் மேற்கே விரிந்திருக்கும். காலையில் கரைமேல் நடந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காலை 6.30-க்குக் கரையில் இருந்து 9.30-க்குள் நடையை முடித்துவிடுவது நல்லது. மழை பெய்த மறுநாள் கரைக்குப் போகாதீர்கள். களிமண் செருப்பில் அப்பி அப்பி ஆளுக்கு ஒரு கிலோ ஏறிவிடும், வழுக்கவும் செய்யும். இரண்டு நாள் வெயில் காய்ந்தால் கரை கெட்டியாகிவிடும்.

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். சீமைக்கருவேல முள் நுனி மண்ணில் மறைந்திருக்கும்; மிதித்தால் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். உள்ளே ஒடிந்த முனை நின்றுவிட்டால் பாதம் வீங்கி இரண்டு மூன்று நாள் நடக்க முடியாது. தடித்த அடியுள்ள ஷூவும், முள்ளைப் பிடுங்க ஒரு சின்ன இடுக்கியும் போதும். குடை பிடித்தாற்போல் நிற்கும் உடைமரத்தைப் பார்த்ததும் நிழலுக்கு ஒதுங்கத் தோன்றும். அதன் வெள்ளை முள்ளும் அடியில் உதிர்ந்துதான் கிடக்கும். உட்காரும் முன் தரையைப் பார்க்க வேண்டும்.

கண்மாய்க்குள் இறங்கவே கூடாது. மடைக்கு அருகில் பள்ளம் ஆழமாக இருக்கும் என்பது ஒரு காரணம். கூடு இருக்கும் மரத்தை ஆள் நெருங்கினால் தாய்ப்பறவைகள் மொத்தமாக எழும்பிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இறகு முளைக்காத குஞ்சுக்கு அந்த நேரம் நிழல் தருவது தாயின் இறக்கை மட்டும்தான். அது இல்லாமல் வெயில் பட்டால் குஞ்சு தாங்காது. திறந்து கிடக்கும் முட்டையைக் காக்கை கொண்டுபோய்விடும். நல்ல படம் வேண்டும் என்று கை தட்டிப் பறக்கவிடுகிறவர்களுக்கு இதைப் பத்திரிகைதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதல் முறை வருகிறவர்களுக்கும் பெரியவர்களோடு வருகிறவர்களுக்கும் சக்கரக்கோட்டை போதும். ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருப்பதால் திரும்பும் கவலை இல்லை. சாதாரண நகரப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

அலையாத்திக் காடு இருக்கும் காரங்காட்டுக்கு ராமநாதபுரத்திலிருந்து தொண்டி செல்லும் பஸ்ஸில் ஏற வேண்டும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே காரங்காடு பிரிவில் இறங்கி, கடலை நோக்கி உள்ளே போக வேண்டும். எல்லா இடத்திலும் நிற்கும் சாதாரண பஸ்ஸில் ஏறுங்கள். நிறுத்தம் குறைந்த வண்டியில் ஏறினால் பிரிவில் இறக்கிவிட மாட்டார்கள். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது உத்தமம். படகுச் சவாரியைப் பற்றித் தங்கள் கட்டுரையிலேயே இருந்தது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கரையோரமாக நடந்து பாருங்கள். அலையாத்தியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் சுவாச வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் இப்படி வெளியே வந்து மூச்சு விடுகிறது. அதை மிதித்து ஒடித்தால் மரத்தின் மூச்சைத்தான் அடைக்கிறோம். இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது. மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும் சேற்றை நம்பிக் கால் வைக்க வேண்டாம், உள்ளே உளை. முழங்கால்வரை புதைந்தால் ஷூவை விட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

தனுஷ்கோடியின் கணக்கு வேறு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை, 2017-ல் திறக்கப்பட்டது. நடுவில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ராமேசுவரத்தில் பஸ் ஏறும்போதே, பழைய தனுஷ்கோடியோடு திரும்புகிறதா, முனை வரை போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முனை வரை பஸ்ஸில் போய்விட்டு, அங்கிருந்து இடிந்த தேவாலயம் வரை சுமார் 4.5 கிலோமீட்டர் நடந்து வருவதுதான் சரியான முறை. நடந்து போய் பஸ்ஸில் திரும்பலாம் என்று நினைத்தால், களைத்த நேரத்தில் பஸ் வராதபோது நிற்க இடமில்லாமல் போகும். தார்ச்சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் கால் புதையும் மணலில் பாதி தூரம்கூடப் போக முடியாது. அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் காலுக்கு இதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் மணல் பறந்து கண்ணில் அடிக்கும். எந்த மாதமானாலும் முனையில் குளிக்க வேண்டாம். பெண்கடல் என்று நாம் சொல்லும் வங்கக்கடல் பக்கம் அமைதியாகத் தெரிந்தாலும், ஆண்கடலான மன்னார் வளைகுடாவோடு சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும்.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்; தனுஷ்கோடிக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் எடுத்துப் போவது நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தம்.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு வழி உண்டு. உங்களை இறக்கிவிடும் வண்டிதான் பெரும்பாலும் கடைசி ஊர் போய்த் திரும்பி வரும். இறங்கும்போதே "திரும்ப எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று டிரைவரிடம் கேட்டுவிட்டால் போதும். கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்கத் திட்டமிட வேண்டும். ஒரு நடை ரத்தானால் கிராமத்துப் பிரிவில் இரவு மாற்று வண்டி கிடைப்பது கஷ்டம்.

இனி இத்தகைய கட்டுரைகளின் கீழே சின்னதாக ஒரு கட்டம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏற்ற மாதம், இறங்கும் நிறுத்தம், அங்கிருந்து நடை தூரம், கடைசி பஸ் நேரம் என நான்கு வரி போதும். கார் இல்லாதவர்களும் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

கட்டுரையின் இரண்டாம் படத்தில் கருவேல மரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பூநாரை என்று போட்டிருக்கிறீர்கள். பூநாரை மரத்தில் உட்காராது; ஆழமில்லாத உப்புநீரில்தான் நின்று மேயும். கோதண்டராமர் கோயில் பக்கத்துக் காயலில் குளிர்காலத்தில் காணலாம். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். படத்தில் இருப்பது மஞ்சள்மூக்கு நாரை. வால் பக்கத்து இறகில் இருக்கும் ரோஜா நிறம்தான் ஏமாற்றியிருக்கும். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ராமநாதபுரம்.