இரவில் என் மகளை எங்கே அழைத்துச் செல்வது?

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் டெல்டா மாவட்டம் ஒன்றில் வசிக்கும் ஒரு தாய். என் மகளுக்கு வயது 15. சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் ஓர் இரவு, தான் இனி இருக்கப் போவதில்லை என்று அவள் எங்களுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். கேட்டபோது அவள் எதையும் மறைக்கவில்லை. பல வாரங்களாகத் தூக்கமே இல்லை என்றும், வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு சொல்லும் காதில் ஏறுவதில்லை என்றும், அன்றிரவு தனியாகப் படுக்கத் தனக்கே பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அப்போது மணி 10:40. அந்த நேரம் தொடங்கி மறுநாள் காலை ஒரு மனநல மருத்துவர் அவளுக்கு எதிரே வந்து உட்காரும் வரை நடந்ததையும், அதை முன்னிட்டு உங்களிடம் நான் கேட்க விரும்புவதையும் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனைகளின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இரவுப் பணியில் தனியாக நிறுத்தப்பட்ட இளம் மருத்துவர் எவர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கையல்ல.

முதலில் 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் அது; இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எடுத்துப் பேசிய பெண்மணி முதலில் என்னிடமும் பிறகு என் மகளிடமும் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் பேசினார். அவளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், இப்போதே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் சொன்ன மூன்றும் அன்றிரவு எங்களுக்குக் கிடைத்த தெளிவான வார்த்தைகள். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவர் போகச் சொன்ன இடத்தில் எங்களை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்க வேண்டுமல்லவா?

முதலில் போன தனியார் மருத்துவமனையில், மனநல மருத்துவர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார் என்று வரவேற்பு மேசையிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்குப் போனோம். டூட்டி டாக்டர் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஏதாவது சாப்பிட்டுவிட்டாயா என்று இரண்டு முறை கேட்டார். அவள் இல்லை என்றாள். கையையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, சீட்டில் "வெளிக்காயம் ஏதும் இல்லை" என்று எழுதி, காலை 9 மணிக்கு மனநல ஓ.பி.க்கு வரச் சொன்னார். நான் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதற்கு இங்கே இப்போது யாரும் இல்லையம்மா என்றார். அது கடுமையாகச் சொல்லப்பட்ட சொல் அல்ல. அவருடைய இயலாமைதான் அப்படி வெளிப்பட்டது என்று இன்று எனக்குப் புரிகிறது.

அங்கிருந்து வெளியே வரும்போது தாழ்வாரத்தில் என் மகள் கேட்டாள்: "எனக்கு ஏதாவது அடிபட்டிருந்தா சேத்துக்கிட்டிருப்பாங்களாம்மா?"

இந்த மடலின் காரணம் அந்தக் கேள்வி. ஒரு பிள்ளை தன்னைத் தானே வருத்திக்கொள்வதற்கு முன்பே, பயந்து, பெற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி, உதவி கேட்டு மருத்துவமனை வாசல் வரைக்கும் நடந்து வருகிறது. நாம் எல்லோரும் பள்ளிகளிலும் கூட்டங்களிலும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது இதைத்தானே? மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், உதவி கேளுங்கள் என்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் இடமில்லை என்றும், காயத்தோடு வந்தால் இடமுண்டு என்றும் அதே பிள்ளை தன் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி நடந்தால், அடுத்த முறை அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பல இரவுகள் நான் அதை யோசித்துக்கொண்டே விழித்திருந்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் சட்டத்தைப் படித்தேன். 2017ஆம் ஆண்டு நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94ஆம் பிரிவு அவசரச் சிகிச்சையைப் பற்றியது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு விளைவித்துக்கொள்வதைத் தடுக்க உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், நோயாளிக்குரிய பிரதிநிதியின் ஒப்புதலோடு, அதை அளிக்கலாம் என்கிறது அது. சிறார் என்றால் அந்தப் பிரதிநிதி காப்பாளர்தான். மனநல மருத்துவராக இருந்தாக வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. மனநல நிலையம் ஒன்றில் நோயாளி பரிசோதிக்கப்படும் வரை, அதிகபட்சம் 72 மணி நேரம், அந்தச் சிகிச்சை தொடரலாம். "தடுக்க" என்ற சொல்லைக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காயம் ஏற்படும் வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எந்தத் தரத்தில் அவசரச் சேவையும் ஆம்புலன்சும் கிடைக்கின்றனவோ அதே தரத்தில் மனநோய்க்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே, அன்றிரவு என் மகளைக் காலை வரை அங்கேயே ஒரு கட்டிலில் படுக்க வைத்து, ஒரு செவிலியரை அருகில் உட்கார வைக்க, அந்த டூட்டி டாக்டருக்கு முழு அதிகாரம் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவித்திருக்கவில்லை.

சாலை விபத்துக்கு இந்த மாநிலம் என்ன செய்திருக்கிறது என்பதை நான் நன்றியோடு நினைத்துப் பார்க்கிறேன். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அடிபட்டவர் யார், எந்த ஊர், கையில் பணம் உண்டா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. முதல் மணி நேரங்கள்தான் உயிரைத் தீர்மானிக்கின்றன என்று உணர்ந்து, மணிக்கணக்கில் சிந்தித்து வகுக்கப்பட்ட திட்டம் அது. சட்டம் சொல்லும் அந்த 72 மணி நேரத்துக்கும் அதே கவனத்தைக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. மனத்தின் நெருக்கடிக்கும் முதல் மணி நேரங்கள் உண்டு. அந்த இரவைக் கடந்துவிட்டால் பல பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று பின்னர் எங்களுக்குக் கிடைத்த மருத்துவரும் சொன்னார்.

மனநல மருத்துவர்கள் போதிய அளவில் இல்லை என்பது உங்கள் பதிலாக இருக்கலாம். அது உண்மைதான், மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையை எட்டப் பத்தாண்டுகளுக்குள் அரசுகள் முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது, அந்தப் பத்தாண்டு 2028இல் முடிகிறது. ஆனால் ஒவ்வொரு கேஷுவாலிட்டியிலும் இரவெல்லாம் ஒரு மனநல மருத்துவரை உட்கார வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலத் துறைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் அன்றிரவு தொலைபேசியை எடுக்க வேண்டியவர் யார் என்று முறை வைத்து, அவருடைய எண்ணை மாவட்டத்திலுள்ள எல்லா அவசரப் பிரிவுகளின் சுவரிலும் ஒட்டச் செய்ய முடியாதா? நெஞ்சுவலியோடு வருபவருக்காக இதய மருத்துவரை எழுப்பத் தயங்காத டூட்டி டாக்டர், ஒரு சிறுமியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரை எழுப்புவது என்று தெரியாமல் நிற்கிறார். அவரை அந்த நிலையிலிருந்து விடுவியுங்கள்.

அடுத்தது கட்டில். அந்த இரவில் நாங்கள் மூன்றாவதாக, வாடகைக் கார் பிடித்து 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். போய்ச் சேரும்போது மணி மூன்று. குழந்தைகள் வார்டில் 12 வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். மனநல வார்டில் பெரியவர்கள்தான் இருக்கிறார்கள், அங்கே இவளைச் சேர்க்க முடியாது என்றார்கள். இரண்டாவதாகச் சொன்னது சரிதான்: சிறாரைப் பெரியவர்களிடமிருந்து தனியாகத்தான் வைக்க வேண்டும், காப்பாளரோ உதவியாளரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும் என்று 87ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு விதியே பிள்ளையை வெளியே அனுப்பும் காரணமாக மாறிவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளை எந்த வார்டுக்கும் சொந்தமில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. இத்தனை பேருக்காக, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு கட்டில்கள், தாய் உடன் படுக்க இடம், ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாத ஓர் அறை இருந்தால் போதும்; நான் புதுக் கட்டடம் கேட்கவில்லை.

அங்கே எங்களைக் காப்பாற்றியவர் ஒரு செவிலியர். சேர்க்கைச் சீட்டு இல்லாமலேயே தம் அறைக்கு அருகிலிருந்த பெஞ்சில் எங்களை உட்கார வைத்து, ஒரு போர்வை கொடுத்து, அரை மணிக்கொரு முறை வந்து என் மகளிடம் ஏதாவது பேசிவிட்டுப் போனார். அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர். காலை 9:40க்கு வந்த மனநல மருத்துவர், என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளோடு நாற்பது நிமிடங்கள் பேசினார். அன்றே சிகிச்சை தொடங்கியது.

காவல்துறை பற்றிய பயத்தையும் சொல்லியாக வேண்டும். புறப்படும்போதே என் கணவரின் அண்ணன், "அங்க போனா போலீஸ் கேஸ் ஆயிரும், பொண்ணு வாழ்க்கை என்னாகும்" என்று தடுத்தார். எத்தனையோ குடும்பங்களை வீட்டோடு நிறுத்திவைப்பது இந்த ஒரு பேச்சுதான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 115ஆம் பிரிவு கூறுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை. இதை எளிய தமிழில் ஒரு பலகையாக எழுதி, ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவு) போடும் மேசைக்கு மேலேயே மாட்டுங்கள். புறக்காவல் நிலையத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

வேறு சிலர் ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ அழைத்துப் போகச் சொன்னார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை என் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. ஆகவே நான் அதற்கு உடன்படவில்லை. ஆனாலும் அப்படிச் சொன்னவர்களை நான் குறை கூறவில்லை. நோயாளியோடு வரும் குடும்பத்துக்கு உட்கார ஒரு திண்ணையும், நம்பிக்கையாகச் சொல்ல ஒரு வார்த்தையும் அங்கே கிடைக்கின்றன. மருத்துவமனையில் அவை கிடைத்திருந்தால் எங்கள் உறவினர்களும் வேறு இடத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மருத்துவமனை மேல்சிகிச்சைக்கு என்று எழுதி அனுப்பினால், அனுப்பும் இடத்துக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லட்டும்; ஒரே இரவில் என் மகள் தன் நிலையை ஐந்து பேருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு முறையும் அவள் குரல் இன்னும் சன்னமாயிற்று. சேர்க்க இயலாமல் வீட்டுக்கே அனுப்பினாலும், 14416இல் அந்தப் பெண்மணி எனக்குச் சொன்ன அறிவுரைகளையாவது அச்சிட்டு, மறு சந்திப்புக்கான தேதியோடு, பெற்றோர் கையில் கொடுங்கள்.

என் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். மருந்தும் ஆலோசனையும் தொடர்கின்றன. எல்லா நாட்களும் நல்ல நாட்களாக இல்லை, ஆனால் மோசமான நாளில் அவளே வந்து சொல்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். முழுவதையும் படித்துப் பார்த்து, இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டுத் தந்தாள். தாழ்வாரத்தில் தான் கேட்ட கேள்வியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றாள்.

"வெளிக்காயம் ஏதும் இல்லை" என்று எழுதிய அந்தச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மருத்துவமனை, மருத்துவர் பெயர்களை மறைத்து, நீங்கள் கேட்டால் அதன் நகலை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்