மூடியைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் எந்தக் கிதார் வாங்கலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். மற்ற கிதார்களுக்கெல்லாம் பத்தி பத்தியாக எழுதியவர் ரெசனேட்டர் கிதாருக்கு ஒன்றரை வரி ஒதுக்கி, விலை கூடுதல், புதியவர்களுக்குச் சரிவராது என்று முடித்துவிட்டார். ஸ்லைடு, அதாவது கம்பிமேல் துண்டை வழுக்கி வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இதை நம்பி ஆசையை மூட்டை கட்டிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 32 வருடம் லேத்தில் நின்றவன். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் கிதாரை மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் கம்பிமேல் வழுக்கி வழுக்கி வாசிப்பார். அதைப் பார்த்து எனக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

ரெசனேட்டரில் மரப்பலகைக்குப் பதிலாக உள்ளே ஒரு மெல்லிய அலுமினியக் கோன் உட்கார்ந்திருக்கும். கம்பியின் அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் குதிரை வழியாக அதற்கு இறங்க, ஒலிபெருக்கிபோல அது கத்தும். ஆம்ப்ளிஃபயர் பரவாத காலத்தில் நடன இசைக்குழுவின் இரைச்சலில் கிதார் காணாமல் போனது. அதற்காக லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டோப்யேரா என்பவர் கண்டுபிடித்தது இது. 1927-ல் நேஷனல் என்ற பெயரில் மூன்று கோன் வைத்த கிதார் வந்தது. அதற்கு உலோக உடல் அடித்துக் கொடுத்த ரிக்கன்பேக்கர், கருவியும் அச்சும் செய்யும் டூல் அண்ட் டை பட்டறைக்காரர். நம்ம ஜாதி! பிறகு டோப்யேரா சகோதரர்கள் பிரிந்து வந்து தொடங்கிய நிறுவனம்தான் டோப்ரோ.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற வருடம் நகரின் மையத்தில் ஒரு கடையில் பளபளவென்று நிக்கல் பூசிய பழைய ரெசனேட்டர் ஒன்றை 26,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆட்டோவில் ஏறியதும் டிரைவர், "என்ன சார், கார் வீல் கப்பா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து நாலாவது கம்பியை அழுத்தி மீட்டினால், ஓடும் மாநகரப் பேருந்தின் ஜன்னல் கண்ணாடிபோல ஒரு கடகடப்பு. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மெட்டல் பாடி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கா மெட்டலைப் பற்றி?

கம்பிகளைத் தளர்த்தி, மேல் மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். கோனின் விளிம்பில் ஓரிடம் கட்டைவிரல் அளவுக்கு நசுங்கியிருந்தது. உட்காரும் வளையத்தில் அது சரியாகப் படியவில்லை. எவரோ அந்த இடைவெளியில் பசையை ஊற்றி வைத்திருந்தார். நல்ல கோன் லேத்தில் வைத்து ஸ்பின் செய்தது. வெளிச்சத்தில் திருப்பினால் வட்ட வட்டமாக மெல்லிய கோடு தெரியும், நகத்தால் சுண்டினால் ணங் என்று நிற்கும். இது அச்சில் அழுத்திய தகடு. சுண்டினால் தட் என்று செத்தது. அதே உடலில் நல்ல கோன் ஒன்றை வரவழைத்துப் போட்ட பிறகு கடகடப்பும் போனது, குரலும் வந்தது. ஆனால் கோனுக்கும் தபாலுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவில் இன்னொரு சாதாரண கிதார் வாங்கியிருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன்: கையில் இருக்கும் காசு கொஞ்சமென்றால் பளபளப்புக்குக் கொடுக்காதீர்கள். மர உடலில் நல்ல கோன் உட்கார்ந்த கிதார், மட்டமான கோன் வைத்த உலோகக் கிதாரை எளிதாகத் தோற்கடிக்கும். கடையில் மூடியைத் திறக்க விடமாட்டார்கள்தான். மூடியின் ஓட்டைகள் வழியே செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகப் பலமாக மீட்டுங்கள். மூடியை முட்டியால் தட்டுங்கள். எங்காவது கிர்ரென்றால் என்ன காரணம் என்று கேளுங்கள். அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, மடியில் வைத்து வாசிப்பதா, சாதாரண கிதார்போலப் பிடித்து விரலில் குழாய் மாட்டி வாசிப்பதா என்பது. சதுரக் கழுத்து மடிக்கு மட்டும்தான். கம்பிகள் உயரத்தில் இருக்கும், மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி வாசிக்கவே முடியாது. உருண்டைக் கழுத்து இரண்டுக்கும் ஆகும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் பட்டைக்கு நட் என்று பெயர்; அதன்மேல் மாட்டும் உயரமான உலோக நட் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. மாட்டினால் மடி வாத்தியம், கழற்றினால் பழைய கிதார். மனம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாதவர்கள் உருண்டைக் கழுத்தையே வாங்கலாம்.

எங்கள் தெருவில் வாய்ப்பாட்டு கற்கும் பெண் ஒருத்தி, கல்லூரி முதல் வருடம், "தாத்தா, எனக்கும் ஒன்று பார்த்துக் கொடுங்க" என்றாள். அவளுக்காகக் கடை கடையாக ஏறியபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. ஒற்றைக் கோனில் இரண்டு வகை. கோனின் உச்சியில் சின்ன மரவில்லை வைத்து அதன்மேல் குதிரை நிற்பது பிஸ்கட். கோனைக் கவிழ்த்துப் போட்டு, எட்டுக் கால் சட்டம் ஒன்று அதை அணைத்திருப்பது ஸ்பைடர். பிஸ்கட் பட்டென்று குரைத்து அடங்கிவிடும். ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை வாசிப்பவர்களுக்கு அது உயிர். ஆனால் அவள் அதில் சஹானா ராகத்தை எடுத்து ரிஷபத்தில் நின்றாள். ஸ்வரம் பாதி வழியில் வடிந்துவிட்டது. ஸ்பைடரில் அதே இடம் கார்வையாக, நீண்டு நின்றது. நம் சங்கீதம் வாசிக்க நினைப்பவர்கள் ஸ்பைடரைத் தேடுங்கள். மூன்று கோன் வைத்தது இன்னும் நீளமாக நிற்கும். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் தொடாமலே வந்துவிட்டோம்.

சுருதியிலும் ஒரு விஷயம். கம்பிகளை எங்கும் தொடாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பது ஓப்பன். டோப்ரோக்காரர்கள் வைக்கும் ஓப்பன் ஜி-யில் தடித்த கம்பிகளை இழுத்து ஏற்ற வேண்டும். உருண்டைக் கழுத்துக்கு அது பாரம். தவிர, அதில் அந்தர காந்தாரம் இரண்டு கம்பியில் சும்மா ஒலித்துக்கொண்டே இருக்கும். வேறு காந்தாரம் வரும் கரகரப்பிரியா ராகத்தை எடுத்தால் காது கூசும். ஓப்பன் டி-யில் எந்தக் கம்பியையும் ஏற்ற வேண்டாம், காந்தாரமும் மூன்றாவது கம்பியில் மட்டும்தான். அந்தக் கம்பியைத் தடிப்பாக மாற்றி சட்ஜத்துக்கு இறக்கிவிட்டோம். இப்போது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். மெட்டில்லாத கம்பியில் கட்டையை வழுக்கி கமகம் எடுப்பது நமக்குப் புதிதா என்ன? மெட்டில்லாத வீணைபோன்ற கோட்டு வாத்தியத்தில் திருவிடைமருதூர் சகாராம ராவ் செய்யாததா? செம்மங்குடி சீனிவாச ஐயரே அவரிடம் பாடம் கேட்டவர்தானே.

கம்பிமேல் வழுக்கும் துண்டான ஸ்லைடு பாருக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல ஆசை. 19 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடில் மூன்று அங்குலம் வெட்டி, ஒரு முனையைத் தோட்டாபோல உருட்டி, எமெரி தாளால் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன். சுமார் 170 கிராம். கம்பிமேல் அழுத்தவே வேண்டாம், அதன் எடையே போதும். (தொழிற்சாலைத் துண்டு அல்ல, காசு கொடுத்து வாங்கியது.) தெரிந்த லேத் பட்டறை இருந்தால் அரை மணி வேலை.

நம் ஊர்க் கடல்காற்றையும் மறக்க வேண்டாம். ராயபுரத்தில் இருக்கும் என் நண்பருக்குக் கம்பி ஒரு மாதம் தாங்குவதில்லை; பூச்சு உரிந்த இடத்தில் இரும்பு உடலே துருப்பிடித்துவிட்டது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியைத் துடைத்து, பெட்டியில் மூடி வையுங்கள். கம்பி மாற்றும்போது ஆறையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். கோனைப் பசை எதுவும் பிடித்திருக்கவில்லை, கம்பியின் அழுத்தம்தான் உட்கார வைக்கிறது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஏற்கெனவே தெருவில் மூன்று பேர் மிக்சி ஜாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இனி கிதாரும் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
அயனாவரம், சென்னை.