சாட் ஹில் நண்பர்களுக்கு: அந்த விசிலுக்கும் ஒரு சிலுவை வையுங்கள்

ஸ்பெயின் நாட்டு பூர்கோஸ் மாகாணத்தில் சாட் ஹில் கல்லறைத் தோட்டத்தை மீட்டெடுத்த பண்பாட்டுச் சங்கத்தாருக்கு,

வணக்கம்.

உங்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்காது. இருந்தாலும் தமிழிலேயே எழுதுகிறேன். செர்ஜியோ லியோனே என்ற ரோமாபுரிக்காரர், ஆங்கிலம் சரியாகப் பேச வராமலே, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி உங்கள் ஊர் மலையடிவாரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டுப் போனார். அந்தப் படத்துக்காக மண்வெட்டி எடுத்தவர்களுக்கு ஒரு தமிழ் மடல் வருவதில் பெரிய விந்தை ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இங்கே படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966இல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் கடைசிக் காட்சிக்கு ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் தேவைப்பட்டது. சாந்தோ டொமிங்கோ தே சீலோஸ் ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஸ்பானிய ராணுவ வீரர்கள் மண்ணைக் குவித்து, சிலுவை நட்டு, சுமார் 5,000 போலிக் கல்லறைகளைக் கட்டிக்கொடுத்தார்கள். நடுவில் கல் பாவிய ஒரு வட்டம். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சிலுவைகள் மட்கின. மாடு மேய்ந்தது. புல் மூடியது. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2015இல், நீங்கள் போய்த் தோண்டினீர்கள். மண்ணுக்கடியில் அந்தக் கல் வட்டம் அப்படியே கிடந்தது. அப்புறம் பிரான்ஸ், இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் சொந்தச் செலவில் வந்து உங்களோடு குனிந்து நிமிர்ந்தார்கள்.

ஒருவர்கூடப் புதைக்கப்படாத கல்லறைத் தோட்டம் அது. அதைத் தோண்டி எடுக்க வார இறுதிகளை ஏன் செலவழிக்க வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கைபேசியில் அந்த மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன்.

பீரங்கிக் குண்டு வெடித்த வேகத்தில் டூக்கோ என்ற கொள்ளைக்காரன் உருண்டு வந்து ஒரு கல்லில் முட்டிக்கொள்கிறான். எழுந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கல்லறை. அதில் ஏதோ ஒன்றில்தான் இரண்டு லட்சம் டாலர் தங்கம். ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. பியானோ மெதுவாக உருள ஆரம்பிக்கிறது. அதன் மேல் ஒரு குழலோசை. நம் நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுகிற குழல். டூக்கோ நடக்கிறான், நடை ஓட்டமாகிறது, பெயர் பெயராகப் படித்துக்கொண்டே ஓடுகிறான். அப்போது ஒரு பெண் குரல் எழுகிறது. அதில் சொல்லே இல்லை. கேமரா அவனோடு சேர்ந்து சுற்றச் சுற்றச் சிலுவைகள் வெறும் கோடுகளாகக் கரைகின்றன. மணி, முரசு, கூட்டுக் குரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சட்டென்று நிற்கிறது. அவன் தேடிய ஆர்ச் ஸ்டாண்டன் என்ற பெயர்.

சத்தத்தை அடைத்துவிட்டு அதையே இன்னொரு தடவை பாருங்கள். அழுக்குக் கோட்டு போட்ட ஒருவர் வட்ட வட்டமாக ஓடுகிறார், அவ்வளவுதான். ஈலை வாலக் மகா நடிகர், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தோண்டியது அந்தப் பாட்டின் அடித்தளத்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'எக்ஸ்டசி ஆஃப் கோல்டு' என்ற அந்த இசையைப் போட்டுத்தான் மெட்டாலிகா ராக் குழு 1983 முதல் மேடை ஏறுகிறது. படத்தையே பார்க்காத கூட்டம்கூட அதைக் கேட்டதும் எழுந்து நிற்கிறது.

இந்தப் படங்கள் எனக்கு எப்படி அறிமுகம் என்றும் சொல்ல வேண்டும். கௌபாய் என்றால் என் வயதுத் தமிழ்ப் பையன்கள் பலருக்கு முதலில் டெக்ஸ் வில்லர். மிலானில் எழுதி வரைந்து, சிவகாசியில் தமிழில் அச்சாகி, லயன் காமிக்ஸாகக் கைக்கு வந்தவர். கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைத்துப் படித்தபோது அவர் இத்தாலியர்களின் படைப்பு என்று எனக்குத் தெரியாது. ஆக, அமெரிக்க மேற்கை நான் பார்த்ததே இத்தாலிக்காரர்களின் கண் வழியாகத்தான். பின்னாளில் சி.டி. வாடகைக் கடையில் லியோனே கிடைத்தபோது, வேற்றூருக்குள் நுழைந்த மாதிரியே இல்லை.

ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. எங்கள் தியேட்டரில் விசிலடிப்பது பார்க்கிறவன் வேலை. கதாநாயகன் நுழைந்தால் முன்வரிசையிலிருந்து கிளம்பும். இந்தப் படங்களில் விசில் திரைக்குள்ளிருந்தே வருகிறது. அதுவும் ஆரவாரமாக இல்லை. ஆளில்லாத சாலையில் எவனோ தனக்குத் தானே அடித்துக்கொண்டு போகிற விசில்.

அந்த எவனோவைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர் பெயர் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனி. 1964இல் லியோனே 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தபோது, ஹாலிவுட் பாணியில் பெரிய இசைக்குழுவை உட்கார வைக்கப் பணம் இல்லை. இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்: விசில், சாட்டைச் சொடுக்கு, பட்டறைக் கல்லின் ஓசை, மணி, மின் கிதார். பணப் பற்றாக்குறை மட்டும் அதற்குக் காரணம் என்று சொன்னால் மனிதரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அவர் ரோமின் சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர், சத்தங்களை வைத்துப் பரிசோதனை செய்த நவீன இசைக் குழுவிலும் இருந்தவர். தட்டுமுட்டுச் சாமான்களில் சங்கீதம் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். விசிலும் கிதாரும் அலெஸ்ஸாண்ட்ரோனி. தனியே அழுகிற டிரம்பெட் மிக்கேலே லாசெரென்சா. அடுத்த வருடம் வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்திலும் அதே விசில்தான்.

உங்கள் கல்லறைப் படத்துக்கு வந்தால், ஓநாய் ஊளை போன்ற அந்தச் சின்ன மெட்டு ஒன்றே ஒன்றுதான். மூன்று முக்கியப் பாத்திரங்களில் பிளாண்டிக்குப் புல்லாங்குழல், ஏஞ்சல் ஐஸுக்கு ஒக்காரினா என்கிற மண்குழல், டூக்கோவுக்கு மனிதக் குரல் என்று ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தார் மோரிக்கோனே. அந்தக் குரல்கள் அலெஸ்ஸாண்ட்ரோனி நடத்திய 'காந்தோரி மொடெர்னி' குழுவினுடையவை. கல்லறைகளுக்கு மேலே எழுகிற பெண் குரல் எட்டா டெல்லோர்சோ. ஒரு சொல்கூட உச்சரிக்காமல் உலகம் முழுக்கக் கேட்கப்பட்டவர்.

இந்தப் படங்களில் இசைக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்கு இன்னொரு காரணம், படப்பிடிப்பில் ஒலிப்பதிவைப் பற்றி யாரும் கவலைப்படாதது. கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரே நிற்பவர் இத்தாலிய மொழியிலோ ஸ்பானியத்திலோ பதில் சொல்வார், எல்லாம் பிறகு டப்பிங். டப்பிங் சினிமாவிலேயே வளர்ந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சத்தம் எல்லாவற்றையும் பின்னால்தான் கட்டப்போகிறோம் என்றால், படப்பிடிப்பில் பாட்டையே போட்டுவிடலாமே? 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்துக்கு முன்கூட்டியே இசையமைத்து, நடிகர்களுக்கு அதைப் போட்டுக் காட்டிக்கொண்டே எடுத்தார் லியோனே. ரயில் நிலையத்தில் கேமரா கூரைக்கு மேலே எழும்பி ஊரைக் காட்டுகிற அந்த ஷாட், டெல்லோர்சோவின் குரல் எழும் இடத்தோடு இழை பிசகாமல் சேருவது அதனால்தான். அதே படத்தின் தொடக்கத்தில் இசையே இல்லை. துருப்பிடித்த காற்றாலை கிறீச்சிடுகிறது, தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, ஒருவன் முகத்தில் ஈ. இசையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

இந்த வகைப் படங்கள் எல்லாமே பொக்கிஷம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். முக்கால்வாசி குப்பை, நானே பலவற்றைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் குப்பையிலும் பாட்டு நன்றாக இருக்கும். படம் மறந்துபோய் மெட்டு மட்டும் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெயரை மறைப்பது இந்தப் படங்களின் கூடப்பிறந்த குணம். முதல் படத்தின் டைட்டிலில் லியோனே 'பாப் ராபர்ட்சன்', மோரிக்கோனே 'டேன் சாவியோ'. அமெரிக்கப் படம் என்று ஜனங்கள் நம்பட்டும் என்று போட்ட வேஷம். ஈஸ்ட்வுட்டை அமெரிக்காவில் 'பெயரில்லாத மனிதன்' என்றே விளம்பரப்படுத்தினார்கள். அதெல்லாம் பிறகு சரியாகிவிட்டது. லியோனே பெயர் நிலைத்தது. மோரிக்கோனேவுக்கு, அந்தக் கௌபாய் படங்களில் ஒன்றைக்கூடப் பரிந்துரைக்காத ஆஸ்கார், 2007இல் ஈஸ்ட்வுட் கையாலேயே கௌரவ விருது கொடுத்தது, 2016இல் போட்டி விருதையும் கொடுத்தது. இந்த இத்தாலிய கௌபாய் படங்களுக்கு வைத்த 'ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்' என்ற பெயரே அவருக்குப் பிடித்ததில்லை. நான்கூட இந்த மடலில் முடிந்தவரை தவிர்த்துத்தான் பார்த்தேன். ஆனால் வாயால் ஊதியவரும், தொண்டையைக் கொடுத்தவரும்? கைபேசியில் அந்த விசிலை ரிங்டோனாக வைத்திருக்கும் நூறு பேரைக் கேளுங்கள், அலெஸ்ஸாண்ட்ரோனி என்று ஒருவர் சொன்னால் ஆச்சரியம்.

படத்தில் தங்கம் ஆர்ச் ஸ்டாண்டன் கல்லறையில் இல்லை. அங்கே எலும்புதான் இருந்தது. பக்கத்தில், பெயர் தெரியாதவர் என்று எழுதிய குழியில் இருந்தது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன!

நீங்கள் பணம் திரட்டியபோது, ஒரு சிறு தொகை கொடுத்தால் சிலுவையில் நம் பெயரைப் போடுவோம் என்று அறிவித்தீர்கள். உயிரோடு இருக்கும்போதே சொந்தக் கல்லறைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ள ரசிகர்கள் போட்டி போட்டார்கள். எனக்கும் ஆசை வந்தது. பிறகு யோசித்தேன், அந்த மண்ணில் என் பெயருக்கு என்ன வேலை? என் காசை வாங்கிக்கொள்ளுங்கள். சிலுவையில் 2017இல் காலமான அலெஸ்ஸாண்ட்ரோனியின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் லாசெரென்சாவுக்கு ஒன்று, டெல்லோர்சோவுக்கு ஒன்று. மூன்றையும் கல் வட்டத்தின் ஓரத்தில், படத்தின் கடைசியில் பிளாண்டி, ஏஞ்சல் ஐஸ், டூக்கோ மூவரும் துப்பாக்கியோடு நின்ற இடத்தைப் பார்த்தபடி வைத்தால் பொருத்தமாக இருக்கும். பக்கத்திலேயே அந்த 5,000 குழிகளையும் குவித்த ராணுவ வீரர்களுக்கு ஒரு பொதுப் பலகை வைத்தாலும் நல்லது. அதே படத்தில் ஒரு பாலத்தைக் கேமரா ஓடுவதற்கு முன்பே தவறுதலாக வெடிக்கவைத்து, பிறகு அதை மறுபடி கட்டியதும் அதே ராணுவம்தானே.

இன்னொரு வேண்டுகோள். சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள் என்று எந்தக் காலத்திலும் அங்கே ஒலிபெருக்கி கட்டிவிடாதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பாட்டைத் தலைக்குள் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். நானும் ஒருநாள் வருவேன். அப்போது காற்றும் மாட்டுக் கழுத்து மணியும் கேட்டால் போதும், ஓடுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால்.

பணம் அனுப்ப வேண்டிய முறையைத் தெரிவியுங்கள். சிலுவையில் அவர் பெயரை உங்கள் எழுத்திலேயே போடுங்கள். பெயரிலும் குடும்பப் பெயரிலும் 'எஸ்' இரண்டிரண்டு உண்டு, விட்டுவிட வேண்டாம். அதற்குக் கீழே இடம் மிச்சம் இருந்தால், சின்னதாகத் தமிழில் 'விசில்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத்துகளை நான் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ரசிகன்