குளிர்காலத்துக்கு முன் இலவச வீட்டுப் பழுதுபார்ப்பு: விண்ணப்பிக்க வேண்டியவர்களுக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் 1976 முதல் இருக்கும் வெதரைசேஷன் (குளிரும் வெயிலும் தாக்காதபடி வீட்டைச் சீராக்குவது) உதவித் திட்டத்தில், வீட்டின் காற்றுக்கசிவை இலவசமாக அடைத்துத் தருகிறார்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 200 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கலாம். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுதி வாங்கிவிடுங்கள். முதியவர்கள், குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை உண்டு.

ஆய்வாளர் வாசல் கதவில் பெரிய மின்விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசிவை அளப்பார். கூரைக்கு அடியில் உள்ள பரணில் குழாயும் வயரும் நுழையும் ஓட்டைகளை அடைத்த பிறகே இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள்) போட வேண்டும். இதை அவசியம் கேளுங்கள்: ஓட்டையை விட்டுவிட்டு மேலே போட்டால், வீட்டு ஈரக்காற்று ஏறிக் குளிர்ந்த கூரைப் பலகையில் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

கூரை ஒழுகினாலோ, வயரிங் பழுதாக இருந்தாலோ வேலையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அவற்றை இப்போதே பாருங்கள்.